சென்னிமலைப் பெட்ஷீட்டை ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் ஆறு மாதத்துக்கான வழி

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஊரிலிருந்து பெட்ஷீட், துண்டு, தலையணை உறை விற்கிறேன். கடை கிடையாது. வீட்டு முன் அறையில் ஒரு இரும்பு ரேக், ஒரு எடை மெஷின், ஒரு லேபிள் பிரிண்டர், என் செல்போன், அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது செலவெல்லாம் போக மாதம் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை என் கணக்கில் நிற்கிறது. குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் எட்டு மாதம் ஒரு பைசா நிற்கவில்லை. நகையை அடகு வைத்து எடுத்த 60,000 ரூபாயும் போயிற்று. போன பணத்தில் பெரும்பகுதி, வரிசை தெரியாமல் நான் முன்பின்னாகச் செய்ததால் போனது. எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாளை எப்போது எடுக்க வேண்டும், எங்கே காசு ஒழுகும் என்பதை யாராவது அன்றைக்கு என்னிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பெட்ஷீட்டை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் திருப்பூர் பனியனோ, கரூர் திரைச்சீலையோ, பள்ளிபாளையம் லுங்கியோ விற்பதாக இருந்தாலும் வரிசை இதேதான். மஞ்சள் தூள், செக்கு எண்ணெய் போன்ற உணவுப் பொருள் என்றால் இதோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் சேரும்.

1. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் நில்லுங்கள்

என் 60,000 ரூபாயில் 35,000 ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனது. கோவையில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள். முதல் நாள் 499 ரூபாய். மாலையில் "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்று கார்டு மெஷினோடு மேசை மேசையாக வந்தார்கள். அங்கே சொல்லிக் கொடுத்ததில் எனக்கு உபயோகப்பட்டது, விற்பனைத் தளங்கள் தங்கள் வியாபாரிகளுக்கு இலவசமாக வைத்திருக்கும் பாட வீடியோக்களிலேயே இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டிஜிட்டல் பொருள், திருப்பித் தர இயலாது" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதலில் இலவசமானதைத் தீர்த்துவிடுங்கள். ஈரோட்டில் கனரா வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, கட்டணம் இல்லை. மற்ற மாவட்டங்களிலும் ஏதாவது ஒரு வங்கி இப்படி ஒன்றை நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நாள் நேரில் போய் வாருங்கள்.

காசு கட்டித்தான் கற்க வேண்டும் என்றால் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் என்ன பொருள் விற்கிறீர்கள்? போன மாத ஜிஎஸ்டி தாக்கலைக் காட்டுவீர்களா?" வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் அது ஆதாரமில்லை.

2. பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கொங்கு நாட்டில் பிறந்ததில் நமக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி, சரக்கு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது என்பது. டெல்லியிலும் புனேயிலும் இருந்து விற்கிறவர்கள் போட்டோ பார்த்து வாங்குகிறார்கள். நாம் தறிகுடோனுக்கே போய்த் தொட்டுப் பார்க்கலாம். பெட்ஷீட், துண்டுக்குச் சென்னிமலை. எல்லாம் கலந்து பார்க்க ஈரோடு கனி மார்க்கெட். வாரச்சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும். சித்தோடு பக்கம் டெக்ஸ்வேலி ஜவுளி வளாகம். பின்னலாடைக்குத் திருப்பூர் காதர்பேட்டை. முதல் தடவை வெறும் கையோடு போய் விலை மட்டும் கேட்டு வாருங்கள். மூன்று இடத்தில் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

முதல் லாட்டில் நான் 40 பீஸ் எடுத்தேன், நிறம் பிடித்துப்போனதால். ஒன்பது பேர் சாயம் போகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு சென்னிமலையில் ஒரு தறிக்கார அண்ணன்தான் சொன்னார்: "அம்மிணி, வெள்ளைத் துணிய நனைச்சு ஒரு மூலையில தேச்சுப் பாத்துட்டு எடு. வித்ததுக்கப்புறம் எங்கட்டக் கொண்டாந்தீன்னா நா என்ன பண்ண முடியும்?" அன்றிலிருந்து ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பீஸ் வாங்கி வந்து, தேய்த்துப் பார்த்து, ஒரு முறை துவைத்துக் காயவைத்து, நீள அகலத்தை மறுபடி அளந்த பிறகுதான் ஆர்டர் கொடுக்கிறேன். 90-க்கு 100 இஞ்ச் என்று சொல்லி வாங்கியது துவைத்த பிறகு 86-க்கு 96 வந்தால், உங்கள் விளம்பரத்தில் 90-க்கு 100 என்று எழுதக் கூடாது.

இங்கே மூன்று பொறிகள்.

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று வெளிநாட்டு பிராண்டு லேபிளோடு கிடைக்கும் சரக்கை ஆன்லைனில் போடாதீர்கள். அது நிஜமான மிச்சச் சரக்காகவே இருந்தாலும், அந்தப் பெயரை வைத்து விற்க உங்களிடம் அனுமதிக் கடிதம் இருக்காது. பிராண்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் தளம் உங்கள் கணக்கை முடக்கும். உள்ளே இருக்கும் பணமும் சேர்ந்து நிற்கும்.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதாதீர்கள். படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக எங்கிருந்தோ வந்த விசைத்தறி விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்றும் போடாதீர்கள். ஜமக்காளம் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம், பவானி என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பவானியில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களின் சோற்றில் கை வைக்கிற வேலை அது.

மூன்றாவது, செகண்ட்ஸ், அதாவது சின்னக் குறை இருப்பதால் ஒதுக்கிய இரண்டாம் தரச் சரக்கு. விலை பாதியாக இருக்கும். நேரில் விற்கிறவர்களுக்கு அது சரிப்படும். பார்சலில் போகிற பொருளுக்குச் சரிப்படாது. ஒரு சின்ன நூல் இழுப்புக்கு நீங்கள் இரண்டு தடவை கூரியர் கட்டுவீர்கள்.

3. ஒரு பீஸில் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நான் எட்டு மாதம் தோற்றதற்குக் காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

இரட்டைக் கட்டில் பெட்ஷீட் ஒன்று, இரண்டு தலையணை உறையோடு. வாங்கும் விலை 400 ரூபாய், 5% ஜிஎஸ்டி 20 ரூபாய், மொத்தம் 420. விற்கும் விலை 799. ஒன்றுக்கு 379 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நிஜக் கணக்கு இது (ஜிஎஸ்டி பதிவு இருப்பதாக வைத்துக்கொண்டு, பைசாவை உருட்டிச் சொல்கிறேன்):

799-இல் அரசுக்குச் சேர வேண்டிய வரி 38 ரூபாய். நம்முடையது 761.
துணி 400. (கட்டிய 20 ரூபாய் வரியைக் கழித்துக்கொள்ளலாம்.)
கவர், லேபிள், டேப் 18.
கூரியர் 95.
பேமென்ட் கேட்வே (வாங்குகிறவரின் பணத்தை ஆன்லைனில் வாங்கி நம் கணக்குக்கு அனுப்பும் சேவை) 2%, அதன்மேல் 18% வரி, ஆக 19.
விளம்பரம், ஒரு ஆர்டருக்கு 110.
திரும்பி வரும் பார்சல்களின் செலவு, விற்றவற்றின் மேல் பரப்பினால் 20.

மொத்தச் செலவு 662. மிஞ்சுவது 99 ரூபாய்.

மாதம் 20,000 வேண்டுமென்றால் 202 பெட்ஷீட் விற்க வேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் தினம் எட்டுப் பார்சல். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் செய்யலாம் என்று தோன்றினால் அடுத்த படிக்கு வாருங்கள். உங்கள் பொருளுக்கு மிஞ்சுவது 50 ரூபாய்க்குக் கீழே வந்தால் பொருளை மாற்றுங்கள். 249 ரூபாய்த் துண்டு ஒன்றைத் தனியாக விற்று யாரும் மிஞ்ச முடியாது, கூரியரே தின்றுவிடும். அதனால்தான் நான் துண்டை நான்கு சேர்த்துக் கட்டாக மட்டும் விற்கிறேன்.

இந்தக் கணக்கில் குறைக்க முடிந்த ஒரே பெரிய செலவு விளம்பரம்தான். ஏற்கெனவே வாங்கியவர் வாட்ஸ்அப்பில் இரண்டாம் தடவை கேட்கும்போது அந்த 110 ரூபாய் நமக்கு மிஞ்சுகிறது. அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்ன அட்டையில் என் வாட்ஸ்அப் எண்ணை வைத்து அனுப்புகிறேன்.

4. 20 பீஸோடு ஒரு மாதம் விற்றுப் பாருங்கள்

பதிவு, வெப்சைட், லோகோ எல்லாம் அப்புறம். தமிழ்நாட்டுக்குள் மட்டும், சொந்தமாக (எந்த விற்பனைத் தளத்தின் வழியாகவும் இல்லாமல்) விற்கும்வரை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத பொருள் வியாபாரிக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அந்த வசதியைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்லாக் போடுவது இலவசம். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அப்பார்ட்மென்ட் குழுக்கள் என்று தொடங்குங்கள்.

இந்த மாதத்தில் பில் கொடுக்கும்போது "ஜிஎஸ்டி 5%" என்று தனியாக எழுதி வாங்காதீர்கள். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்கிறார் என்று அனுப்பிவிடவும் கூடாது. வெளி மாநிலத்துக்கு விற்றால் பதிவு வேண்டும்.

போட்டோவை காலை எட்டு மணி வெளிச்சத்தில், வாசலில் கட்டிலைப் போட்டு எடுங்கள். ஃபில்டர் வேண்டாம். நிறம் படத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்தால் பார்சல் திரும்பும்.

20-இல் 12 விற்று, அதில் இரண்டு பேராவது இன்னொன்று வேண்டும் என்று மறுபடி கேட்டால் பொருள் சரி.

5. தாள்கள்

இதில்தான் எனக்கு மூன்று மாதம் போனது. நிதானமாகப் படியுங்கள்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவை: பான் அட்டையிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் கணவர் பெயரும் மற்றொன்றில் அப்பா இனிஷியலும் இருக்கும் பெண்கள் இதை முதலில் திருத்துங்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாப் படியிலும் ஓடிபி அங்கேதான் வரும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு): ஆதாரும் பானும் போதும், அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, அரை மணி நேரத்தில் முடியும். கூகுளில் தேடினால் முதலில் வருவது 1,500, 2,500 கேட்கும் தனியார் தளங்கள். முகவரி அரசுக்குரிய ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தச் சான்று முக்கியமாக வங்கிக் கடனுக்குத்தான் உதவும். மற்ற சலுகைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பதிவு: இதற்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டரோ கணக்கரோ செய்து கொடுத்தால் அவர் கூலி மட்டும்தான். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணும் உங்கள் இமெயிலும்தான் இருக்க வேண்டும். நான் 4,500 ரூபாய் கொடுத்த ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டார். அதிகாரி கேட்ட விளக்கம் அவருக்குப் போனது, அவர் பார்க்கவில்லை. விளக்கம் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும்; அது தாண்டி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எனக்கு இருபது நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் தடவை நானே போட்டேன். ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை: பான், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, வியாபாரம் நடக்கும் இடத்துக்கான சான்று. கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊர்களில் எல்லோரையும் நிறுத்துகிறது. வீடு மாமனார் பெயரில், இபி இணைப்பு காலமான தாத்தா பெயரில், பட்டா இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான். இபி பில்லை வைத்தேன், கேள்வி வந்தது. பிறகு மாமியார் பெயரில் இருந்த ஊராட்சி வீட்டு வரி ரசீது, அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவருடைய ஆதார் நகல் மூன்றையும் வைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தாரின் வீடு என்றால் சம்மதக் கடிதம் வெற்றுத்தாளில் இருந்தால் போதும் என்று 2025 ஏப்ரலில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் வந்திருக்கிறது. ஆகவே முத்திரைத்தாள், நோட்டரி என்று யாராவது பணம் கேட்டால் காரணம் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் பெயரில் உள்ள வரி ரசீதோ இபி பில்லோ ஒன்றும் வேண்டும்.

விண்ணப்பத்தைத் தொடங்கியதும் ஒரு தற்காலிக எண் வரும். 15 நாளுக்குள் முடித்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து. ஆதார் சரிபார்ப்பு சிலருக்கு ஓடிபியோடு முடியும். சிலரைக் கைரேகை வைக்க சேவை மையத்துக்கு அழைப்பார்கள், அசல் தாள்களோடு போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏழு வேலை நாளில் எண் வந்துவிடும். இடத்தைப் பார்க்க அதிகாரி வருவதாக இருந்தால் ஒரு மாதம் வரை ஆகும். வருகிற அன்று வாசலில் பெயர்ப்பலகை இருக்கட்டும். எண் வந்த பிறகு அதையும் பலகையில் எழுத வேண்டும். நான் 600 ரூபாய்க்கு ஒரு சின்ன ஃபிளெக்ஸ் அடித்தேன், போதுமானதாக இருந்தது.

எண் வந்த 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத் தாக்கல்) போடுவதற்குள், எது முந்தியோ அதற்குள், வங்கிக் கணக்கு விவரத்தை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வேண்டும். விட்டால் பதிவையே நிறுத்தி வைப்பார்கள்.

பதிவு எடுக்காமலே விற்பனைத் தளங்களில் நுழைய ஒரு வழி 2023 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. 40 லட்சத்துக்குள் விற்பவர், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாதாமாதம் தாக்கல் கிடையாது. ஆனால் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வெளி மாநிலம் போக முடியாது. சின்ன அளவில் பழக நினைக்கிறவர்களுக்கு இது நல்லது.

நடப்புக் கணக்கு ஒன்று தனியாகத் திறங்கள். குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி மாறுகிறது. அதைக் கேட்காமல் கையெழுத்திட்டால் மாதாமாதம் அபராதம் போகும்.

6. லேபிள்

பார்சலுக்குள் போகும் கவரில் ஒட்ட வேண்டியவை: பொருளின் பெயர், எத்தனை பீஸ், நீள அகலம், தயாரித்தவர் அல்லது பாக் செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகாருக்கான போன், இமெயில். பிறர் நெய்ததை நம் பெயரில் கவர் போட்டு விற்றால் நாம் "பாக் செய்கிறவர்". அதற்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் 90 நாளுக்குள் ஒரு பதிவு எடுக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

ஹெச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்): பெட்ஷீட், துண்டு 6302. ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5% வரி, அதற்கு மேல் 18%. இது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள நிலை. பழைய வீடியோக்களில் 1,000 ரூபாய், 12% என்று சொல்வது இப்போது செல்லாது.

பிராண்டு பெயருக்கு டிரேட்மார்க் எடுக்கத் தனிநபருக்கு ஒரு வகைக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். துணிக்கு 24-ஆம் வகை, உடைக்கு 25. முதல் ஆறு மாதத்தில் அவசியமில்லை.

7. எங்கே விற்பது

பெரிய தளங்களில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஆனால் வாங்கியவர் அவர்களுடைய வாடிக்கையாளர். சொந்த வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் ஆளை நாம்தான் தேட வேண்டும், ஆனால் வந்தவர் நம்மோடு இருப்பார். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி நான் இரண்டையும் சரியாகச் செய்யவில்லை. முதல் மூன்று மாதம் சொந்தமாக, அப்புறம் ஒரே ஒரு தளம் என்று போங்கள்.

தளங்கள் தரும் பணத்தில் இரண்டு பிடித்தம் இருக்கும். ஜிஎஸ்டியில் 0.5%, வருமான வரியில் 0.1%. இவை நம் பணம்தான், தொலைந்து போவதில்லை. முதலாவதை ஜிஎஸ்டி தளத்தில் போய் நாமே ஏற்றுக்கொண்டால்தான் நம் கணக்குக்கு வரும். நான் ஏழு மாதம் அதைப் பார்க்கவே இல்லை. அத்தனையும் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது.

கணக்குத் தொடங்கிய வாரத்தில் போன் வரும்: "உங்கள் விற்பனைக் கணக்கை ஆக்டிவேட் செய்ய 9,999 கட்டுங்கள்." தளத்தின் ஆள் என்றே பேசுவார்கள். கட்டாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், 50 பெட்ஷீட் வேண்டும், க்யூஆர் அனுப்புகிறேன்" என்று இன்னொரு ரகம் வரும். பணம் வாங்க நாம் யுபிஐ பின் போட வேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கியில் வரவு பார்த்துவிட்டுப் பார்சல் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்; முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

8. பார்சல்

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பருமனையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். என் பெட்ஷீட் 1.1 கிலோ. முதலில் 35-க்கு 28-க்கு 8 என்று உப்பலாக மடித்தேன்; வகுத்தால் 1.57, அரைக் கிலோ படியில் 2 கிலோவுக்குக் கட்டணம் போட்டார்கள். இப்போது அழுத்தி மடித்து உயரத்தை 5-க்குக் கொண்டுவந்தேன். 0.98 வருகிறது, நிஜ எடையான 1.1-க்கு 1.5 கிலோ படியில் கட்டணம். கவர் அதே கவர், மடிப்பு மட்டும்தான் வேறு.

கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி, பார்சல் கைக்கு வந்ததும் பணம்) கொடுத்தால் ஆர்டர் கூடும், திரும்பி வருவதும் கூடும். பொருள் வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி விட்டாலும் போக வரக் கூலி நம் தலையில்தான். நான் ஒவ்வொரு சிஓடி ஆர்டருக்கும் போன் செய்து, "நாளைக்கு அனுப்புகிறேனுங்க, வீட்டில் இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். போன் எடுக்காதவருக்கு அனுப்புவதில்லை. இந்த ஒரு பழக்கத்தால் பத்தில் மூன்று திரும்பியது ஒன்றாகக் குறைந்தது.

கட்டும்போது வீடியோ எடுத்து வையுங்கள். ஆர்டர் எண் தெரிய வேண்டும். திரும்பி வரும் பார்சலையும் வீடியோவோடுதான் பிரிக்க வேண்டும். என் புதுப் பெட்ஷீட்டுக்குப் பதில் பழைய கிழிந்த வேட்டி வந்த அன்று இந்த வீடியோதான் காப்பாற்றியது.

9. பணம் எப்போது கைக்கு வரும்

பேமென்ட் கேட்வேயில் இரண்டு வேலை நாள். சிஓடி பணமும் தளங்களின் பணமும் டெலிவரி முடிந்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம். தறிக்காரருக்கு மட்டும் கையில் காசு. தினம் எட்டுப் பார்சல், ஒன்றுக்கு துணி, கவர், கூரியர் சேர்த்து 513 ரூபாய், 12 நாள் காத்திருப்பு என்றால் ஏறக்குறைய 50,000 ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். விற்பனை ஏறும்போது கைக்காசு வறண்டு போவது இதனால்தான். நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்ட ஐந்தாம் மாதத்தில்தான் எனக்கு நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கும் நிலை வந்தது. ஆர்டரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது அதைவிட நல்லது.

கடன் வேண்டுமென்றால் ஆறு மாத வங்கி வரவும் ஜிஎஸ்டி தாக்கலும் கையில் இருக்கும்போது கேளுங்கள். முத்ராவின் முதல் படி 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் மானியத்தோடு வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையம்.

10. மாதாமாதம்

ஜிஎஸ்டி எண் வந்துவிட்டால் ஒன்றும் விற்காவிட்டாலும் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனை இல்லாத தாக்கலுக்குத் தாமதம் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் நாளுக்கு 50. நான் பிரசவத்துக்குப் போன இரண்டு மாதம் விட்டதற்குக் கட்டினேன். மாதத் தாக்கல் என்றால் ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, வரி கட்டும் தாக்கலான 3பி 20-ஆம் தேதி. காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்நாட்டுக்கு 13-உம் 22-உம். ஆனால் காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் வரியை அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். பில்லில் தமிழ்நாட்டுக்குள் என்றால் மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5% என்று இரண்டாகவும், வெளி மாநிலம் என்றால் 5% ஐஜிஎஸ்டி என்று ஒன்றாகவும் வர வேண்டும். இதை மாற்றிப் போட்டால் திருத்துவது தலைவலி.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, நடப்புக் கணக்கிலிருந்து என் சேமிப்புக் கணக்குக்கு எனக்கான சம்பளத்தை மாற்றிக்கொள்கிறேன். தொடங்கும்போது 3,000 ரூபாய்தான். வீட்டுச் செலவுக்கு அந்தக் கணக்கைத் தவிர வியாபாரக் கணக்கில் கை வைப்பதில்லை. அந்த வரவு ஆறு மாதம் தொடர்ந்து நின்றபோதுதான் அடகுக் கடைக்குப் போய் நகையை மீட்டு வந்தேன்.